சத்தமில்லாத சாய்மானம்

ஆல்சீட் மிஷோ என் கடைக்கு வந்தால் முதலில் காபி குடிப்பான், பிறகு எதையாவது குறை சொல்வான், கடைசியில் ஒன்றும் வாங்காமல் போவான். எனக்கு நினைவு தெரிந்த நாளாக இதுதான் வழக்கம். அதனால் அந்த ஜூலை மாதம் அவன் காபிப் பக்கம் திரும்பாமல் நேரே தோணிகள் இருக்கும் மூலைக்குப் போனதும், யாராவது செத்துவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஜெர்மேன், முதுகுக்குச் சாய்மானம் என்னென்ன வெச்சிருக்க? தோணியில மாட்டுற மாதிரி."

"யாருக்கு?"

"எனக்குத்தான். சிரிக்காத."

சிரிக்காமல் எப்படி இருப்பது? வெளியூர்க்காரர்கள் தோணிக்குச் சாய்மானம் வாங்கும்போதெல்லாம், "அதுக்கு வீட்டு சோபாவயே தூக்கிட்டு வந்துட வேண்டியதுதானே" என்று என் கடையில் நின்றுகொண்டே கிண்டலடித்து பெண் ஒருத்தி நடத்தும் கடை என்றுகூடப் பார்க்காமல் என் வியாபாரத்தைக் கெடுத்தவன் இவன். கொஞ்ச நேரம் நன்றாகவே சிரித்தேன். அவன் தோணியின் விளிம்பைப் பிடித்தபடி பொறுமையாக நின்றான். அப்படிப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

முந்தின குளிர்காலத்தில் கூரைமேல் ஏறிப் பனியைத் தள்ளும்போது சறுக்கி விழுந்திருந்தான். அறுபத்தேழு வயதில் கூரை ஏற வேண்டாம் என்று அவன் மனைவி லுடிவீன் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தாளாம். விழுந்ததுதான் விழுந்தோம், அவள் மேலேயே விழுந்திருந்தால் முதுகு தப்பியிருக்கும் என்று அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். ஆனால் அடி பலம்தான். எதிலும் சாயாமல் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்தால் முகம் வெளுத்துவிடும்.

வேறு வருஷமாக இருந்தால் வீட்டிலேயே கிட என்று சொல்லியிருப்பேன். அந்த வருஷம் அப்படிச் சொல்ல முடியாது. மூஸ் குலுக்கலில் லுடிவீனின் பெயர் விழுந்திருந்தது.

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால்கூட இவ்வளவு பேச்சு இருக்காது. குதிரையைவிட உயரமான அந்த மானை வேட்டையாட ஒவ்வொரு வருஷமும் ஆயிரக்கணக்கானவர்கள் பேர் கொடுக்கிறார்கள், சிலருக்குத்தான் விழுகிறது. லுடிவீன் குலுக்கல் ஆரம்பித்த காலத்திலிருந்து பேர் கொடுத்து வந்தவள். எங்கள் ஊருக்குக் குடிவந்த பல் டாக்டருக்கு முதல் தடவையே விழுந்தது. இவளுக்கு விழவில்லை. அத்தனை வருஷமும் ஆல்சீட் வெளியூர்க்காரர்களைத் தோணியில் உட்கார வைத்து, பெட்டை மூஸ் போலக் குரல் கொடுத்து, ஆண் மூஸைக் காட்டைவிட்டு வெளியே வரவழைத்து, அவர்களைச் சுட வைத்துக்கொண்டிருந்தான். அவர்களுக்கெல்லாம் விடியுமுன் எழுந்து கோதுமை மாவில் தோசை வார்த்து, பீன்ஸ் வேகவைத்துக் கட்டிக் கொடுத்தது லுடிவீன். ஒரு நாள்கூட அவள் தோணியில் ஏறவில்லை. குலுக்கலில் ஒருமுறை பேர் விழுந்துவிட்டால் பிறகு சில வருஷங்களுக்குப் பேர் கொடுக்கவும் முடியாது. அவள் வயதுக்கு இதுதான் முதலும் கடைசியும் என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

செப்டம்பர் கடைசியில் ஆறு நாள் வேட்டை. அந்த ஆறு நாளும் ஆல்சீட் தோணியில் உட்கார்ந்தாக வேண்டும், சத்தமில்லாமல். மூஸுக்குக் கண் மந்தம், காது அப்படியில்லை. அதனால்தான் எங்கள் ஆட்கள் அலுமினியத் தோணியைத் தொடுவதில்லை. துடுப்பு விளிம்பில் ஒருமுறை இடித்தால் அன்றைய காலை போச்சு.

கடையில் இரண்டு மரத்தாங்கிகள்மேல் ஒரு தோணியை எப்போதும் ஏற்றி வைத்திருப்பேன், வாங்க வருகிறவர்கள் ஏறி உட்கார்ந்து பார்ப்பதற்காக. ஆல்சீட்டை அதில் ஏற்றினேன். பிளாஸ்டிக் சாய்மானம் இரண்டு நிமிஷத்தில் முதுகைச் சுட்டது. துணியும் வாரும் வைத்தது தொய்ந்துபோய் அவனைப் பின்னால் இழுத்தது. பிறகு மரச்சட்டத்தில் பிரம்பு பின்னியதை மாட்டினேன். சாய்ந்தான். கண்ணை மூடினான். முகத்திலிருந்த சுருக்கமெல்லாம் இறங்கியது.

"இது. இதுதான். ஒரு சத்தமும் இல்ல பாரு."

அவன் சாய்ந்தபோது பிரம்பும் மரமும் சேர்ந்து கிறீச்சென்று கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. நிமிர்ந்தான், மறுபடி கிறீச். இவன் பேசுவதில் பாதி கிண்டல்தானே, இதுவும் அதில் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் மெழுகு தேய்த்துக்கொள்வான், அவனுக்குத் தெரியாததா என்றும் நினைத்தேன். கட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் கதவு படாரென்று திறந்தது. லுடிவீன் அந்தச் சாய்மானத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாதவள் அவள். மெழுகு எத்தனை பூச்சு பூசியிருக்கிறாள் என்பது அதன் பளபளப்பிலேயே தெரிந்தது.

"இத நீயே வெச்சுக்க. என் புருஷனயும் சேத்து வெச்சுக்க."

"அவன வெச்சு நான் என்ன பண்றது? உக்காரு. என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? தினமும் காலைல குளத்துப் பக்கம் மூஸ் எங்க மேயுதுன்னு பாக்கப் போறோம். இவரு ஒரு தடவ அசையறாரு, இது கத்துது, மூஸ் ஓடுது. திரும்பிப் பாத்துச் சொல்றேன், 'சாய்மானம் கத்துது'ன்னு. 'எங்க கத்துது? உன் மழைக்கோட்டு சரசரங்குது'ங்கறாரு. கோட்ட கழட்டிட்டுக் குளிர்ல நடுங்கினேன். அடுத்த நாள் காத்து மாறிடுச்சாம். நேத்து என்ன சொன்னாரு தெரியுமா? என் வயிறு கத்துதாம்!"

"கத்துச்சா?"

"ஜெர்மேன்!"

அடுப்பருகே காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். லுடிவீன் கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. "தப்புன்னு ஒத்துக்க மாட்டாரு. எத்தன வருஷம் காத்திருந்தேன், இந்த ஒரு வாரத்துக்கு. இவரோட பிடிவாதத்துல அதுவும் போகப் போகுது" என்றாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் லாரியை நிறுத்திவிட்டு ஆல்சீட்டும் வந்து சேர்ந்தான். "என்னப் பத்திப் புகார் குடுத்து முடிச்சாச்சா?" என்று கேட்டபடி கல்லாவில் இரண்டு கையையும் ஊன்றி நின்றான்.

"நல்ல வேள, நீயே வந்த. இங்கயே தீத்துக்கலாம்" என்று லுடிவீன் சாய்மானத்தைத் தோணியில் மாட்டி ஏறி உட்கார்ந்தாள். "அங்கயே நில்லு. இந்தப் பக்கம் திரும்பாத. நான் எப்ப சாயறேன்னு சொல்லு."

"இது என்ன சின்னப்புள்ள விளையாட்டு?"

"சொல்லு!"

ஆல்சீட் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் காத்திருந்தான். அவன் காலடியில் என் நாய் படாட் படுத்திருந்தது. எங்கள் பேச்சில் உருளைக்கிழங்கு என்று அர்த்தம், அது மாதிரியே இருக்கும், அதனால் அந்தப் பெயர். சாப்பாட்டைத் தவிர வேறு எதற்கும் எழுந்திருக்காத பிராணி.

லுடிவீன் சாய்ந்தாள். கிறீச்.

படாட்டின் ஒரு காது நிமிர்ந்தது.

"நீ இன்னும் ஏறவே இல்ல" என்றான் ஆல்சீட்.

அடுப்பருகே ஒருவன் சிரித்தான். லுடிவீன் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து மறுபடி பலமாகச் சாய்ந்தாள். கிறீச். படாட்டின் காது மறுபடி நிமிர்ந்தது, தலையையும் அந்தப் பக்கம் திருப்பியது. ஆல்சீட் பதில் சொல்ல வாயெடுத்தான், அப்போது அவன் பார்வை நாய்மேல் விழுந்தது.

வாழ்நாள் முழுக்க மிருகங்களின் காதைப் பார்த்து வாழ்ந்தவன் அவன். குளத்தின் அக்கரையில் ஒரு மூஸின் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சொல்வான். நாய் அவனைப் பொய் சொல்லி ஏமாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

"இன்னொரு தடவ சாயி" என்றான். குரல் மாறியிருந்தது.

லுடிவீன் சாய்ந்தாள். காது நிமிர்ந்தது.

"இன்னொரு தடவ."

காது நிமிர்ந்தது. ஆல்சீட் தொப்பியைக் கழற்றினான், அதைப் பார்த்தான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"எத்தன வருஷமோ" என்றான் ஆல்சீட், யாரிடமும் இல்லாமல்.

"என்ன எத்தன வருஷம்? ஒத்துக்கறியா இல்லயா?" என்று தோணியிலிருந்து கேட்டாள் லுடிவீன். அவன் திரும்பினான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவசரமாக இறங்க முயன்றாள், சாய்மானம் விடாமல் கத்திக்கொண்டே இருந்தது. எனக்கு அதைத் தூக்கி அடுப்பில் போடலாம் போல இருந்தது.

இத்தனைக்கும் யோசித்திருந்தால் எங்களுக்கே தெரிந்திருக்கும். இருபது வருஷம் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தவன், அதற்குமுன் காட்டில் ரம்பம் பிடித்தவன். காதை மூடிக்கொண்டு வேலை செய்கிறவனை மற்றவர்கள் பெண்பிள்ளை என்று கேலி செய்த காலம் அது. பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும், கனத்த சத்தம் கேட்கும். மெல்லிய கீச்சு, இலை அசைவு, சருகு நொறுங்குவது, இதெல்லாம் அவனைவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்லாமல் போயிருக்கிறது. சொல்லாமல் போனதை எப்படித் தெரிந்துகொள்வது? காடு வரவர அமைதியாகிவிட்டது என்று அவன் இரண்டு மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நாங்களும் தலையாட்டினோம்.

"அப்ப எப்படிப்பா மூஸ் வர்றது உனக்குத் தெரிஞ்சுது?" என்று கேட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை.

அவன் கொஞ்சம் யோசித்தான். "முன்னால உக்காந்திருக்கிறவன் கழுத்துதான். போன வருஷம் வந்த பாஸ்டன்காரன் ஞாபகமிருக்கா, தடியா? ஏதாவது சத்தம் கேட்டா அவன் கழுத்து வெறைச்சுக்கும். அதப் பாத்துட்டு நானே கேட்டதா நெனச்சுக்கிட்டேன் போல."

காதுக் கருவி வாங்க மறுநாளே டாக்டருக்குப் போன் செய்தாள் லுடிவீன். நவம்பரில் வரச் சொன்னார்கள். வேட்டையோ செப்டம்பரில்.

"உன் தங்கச்சி பையன் ரேனோவக் கூட்டிட்டுப் போ. நல்லாவே குரல் குடுக்கறான்" என்றான் ஆல்சீட், அடுத்த வாரம் என் கடையில் வைத்து லுடிவீனிடம். "முதுகும் இல்ல, காதும் இல்ல. நான் வந்து உன் வாய்ப்பக் கெடுக்கணுமா?"

"ரேனோ குரல் குடுத்தா மூஸ் வராது, போலீஸ்தான் வரும்" என்றாள் லுடிவீன். "இத்தன வருஷம் எவனெவனுக்கோ கூப்பிட்ட. எனக்குன்னா மட்டும் முடியாதா? நீ வரலன்னா நானும் போகல. அவ்வளவுதான்."

"சும்மா வீம்பு பண்ணாத."

"வீம்பு உனக்கு மட்டும்தான் சொந்தமா?"

அவள் சொன்னால் செய்வாள். ஆல்சீட் என்னைப் பார்த்தான். நான் கடைக்கு வெளியே பார்த்தேன். புருஷன் பெண்டாட்டி நடுவில் போகக்கூடாது என்பதற்காக அல்ல, எனக்கும் ஒரு வழியும் தெரியவில்லை என்பதற்காக.

அன்று என் கடையில் இருந்த அத்தனை சாய்மானத்தையும் மாட்டிப் பார்த்தோம். அவன் சாய்வான், லுடிவீன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள், படாட் கீழே படுத்துத் தீர்ப்புச் சொல்லும். துணிச் சாய்மானத்தில் கொக்கிகள் டிக் டிக்கென்றன. பிளாஸ்டிக் கீல் நரநரத்தது. கீலில் பன்றிக்கொழுப்பைத் தடவினோம், படாட் எழுந்து வந்து அதை நக்கிவிட்டுப் போய்ப் படுத்தது. வெறும் நுரைப்பஞ்சு மெத்தை ஒன்றுதான் வாயே திறக்கவில்லை. ஆனால் அதில் அவன் பத்து நிமிஷம்கூட உட்கார முடியவில்லை. அசையாமல் இருக்கப் பார்த்தான், நெற்றியில் வேர்வை வந்தது. சுகமானது கத்தியது, கத்தாதது குத்தியது.

"போதும், எறங்கு" என்றாள் லுடிவீன். கையைக் கொடுத்து இறக்கினாள். அவன் எழுந்திருக்க முடியாமல் அவள் தோளில் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தான். அவள் அப்படியே நின்று தாங்கிக்கொண்டாள், கொஞ்ச நேரம் நகரவே இல்லை. ஏதோ யோசிக்கிறாள் என்று தெரிந்தது. பிறகு, "வா, வீட்டுக்குப் போலாம்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒன்றும் வாங்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தப் பக்கத்தில் என்னிடம் இல்லாத சாய்மானத்தை வேறு எவன் வைத்திருக்கிறான்?

வேட்டை வாரம் வந்தது. சுட்ட மூஸைக் கொண்டுவந்து எடை போட்டுப் பதியும் இடமும் என் கடை வாசல்தான். பெரிய இரும்புத் தூணில் தராசு தொங்கும். அந்த ஆறு நாளும் ஊரே வாசலில் நிற்கும், நான் காபியும் சூப்பும் விற்றே களைத்துப்போவேன். திங்கள் போனது, செவ்வாய் போனது. மிஷோ வீட்டு லாரி வரவில்லை. ரேனோவைக் கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாது, பெரியம்மா பேசவே மாட்டேங்கறாங்க" என்றான். வியாழக்கிழமை மழை. அன்று ராத்திரி படுத்துப் புரண்டுகொண்டே இருந்தேன். யாருக்கோ மூஸ் கிடைக்கவில்லை என்று நான் தூக்கம் கெட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லாரி வந்தது. பின்னால் இழுவண்டியில் ஆண் மூஸ், இரண்டு கையையும் விரித்தாலும் அடங்காத கொம்பு. ரேனோவும் அவன் அண்ணனும் அதைக் குளத்துத் தண்ணீரிலேயே மிதக்கவிட்டு இழுத்துக் கரை சேர்த்திருந்தார்கள், இடுப்புவரை சேறு. லுடிவீன் முன் சீட்டிலிருந்து இறங்கினாள். அவளை நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன், அவள் மேலெல்லாம் சேறும் ரத்தமும். எனக்கு அழுகை வந்தது, வந்தால் வரட்டும்.

மூஸைத் தராசில் தூக்கியதும் கூட்டம் நெருங்கி வந்தது. எங்கள் ஊரில் மூஸ் தொங்கிக்கொண்டிருக்கும்போது, அதைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டவன்தான் கதை சொல்ல வேண்டும். ஆல்சீட்டின் கதை எல்லோருக்கும் மனப்பாடம். எப்போதும் ஒரே மாதிரி ஆரம்பிப்பான்: தண்ணி அசையல, காத்து இல்ல, முதல்ல ஒரு குச்சி முறிஞ்ச சத்தம் கேட்டுது. அங்கே நிறுத்தி எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பான். அந்த இடத்தில் குழந்தைகள்கூடப் பேசாது. கடைசி சில வருஷங்களாக அந்தக் குச்சி வெறும் பழக்கத்துக்காகத்தான் முறிந்திருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

"ஆல்சீட், கதய ஆரம்பி!" என்று ஒருவன் கத்தினான். "குச்சி முறிஞ்சுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆல்சீட் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"தண்ணி அசையல" என்றான். "காத்து இல்ல."

நிறுத்தினான். நான் சூப்புக் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் போயேன், யார் கேட்கப்போகிறார்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"குச்சி முறிஞ்சிருக்கும். எனக்குக் கேக்கல. எனக்கு இப்பல்லாம் அது கேக்கறதில்ல."

கத்தியவன் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஜெர்மேன் கடையில இருக்கற ஒரு சாய்மானமும் ஒத்து வரல" என்று என் பக்கம் தலையை ஆட்டினான், அந்த நேரத்திலும் என் வியாபாரத்தை விடவில்லை. "அதனால இவ தோணிக்கு நடுவுல கம்பளிய விரிச்சா. கீழ உக்காந்தோம். அவ துப்பாக்கியோட கரையப் பாத்துக்கிட்டு. நான் இந்தப் பக்கம், ஒண்ணுமில்லாத தண்ணியப் பாத்துக்கிட்டு. முதுகோட முதுகு. நாலு நாள் காலைல அப்படியே உக்காந்தோம். ஒரு சத்தமில்ல. வலியும் இல்ல, இவ நல்ல அகலம்."

"வீட்டுக்கு வா" என்றாள் லுடிவீன்.

"இன்னிக்கும் கூப்பிட்டேன். டப்பாவுல தண்ணிய மொண்டு ஒசரத்துலேர்ந்து ஊத்தினேன், பெட்ட மூத்திரம் போற மாதிரி. இவ முதுகு சும்மா இருந்துச்சு. காத்திருந்து இன்னொரு தடவ கூப்பிட்டேன். அப்ப இவ மூச்சு நின்னுச்சு." தன் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்த் தோள்பட்டைகளுக்கு நடுவே தொட்டுக் காட்டினான். "இங்க தெரிஞ்சுது. அவ்வளவுதான், அதுக்கப்புறம் நான் வாயத் தெறக்கல. அவ முதுகு கொஞ்சம் கொஞ்சமா எறுகிக்கிட்டே வந்துச்சு. வந்துட்டான், வந்துட்டான்னு எனக்குத் தெரியுது. திரும்பிப் பாக்க முடியாது. நான் எதிர்ல இருந்த தண்ணியவே பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் துப்பாக்கி வெடிச்சுது. அது கேட்டுது."

அவன் பேச்சு முடிந்துவிட்டது. முன்னால் நின்ற சின்னப் பெண் ஒருத்திதான் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"அப்ப முதல்ல என்னதான் கேட்டுச்சு?"

ஆல்சீட் மனைவி பக்கம் திரும்பினான். "ஆமா, நானே இன்னும் கேக்கல. சொல்லு."

லுடிவீன் கையிலிருந்த சேற்றைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். இத்தனை பேர் முன்னால் அவள் பேசி நான் பார்த்ததில்லை.

"ஒரு குச்சி முறிஞ்சுது" என்றாள். அங்கே நிறுத்தி அவனைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் குரலை உயர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக, அவனுக்குக் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தாள். ஆல்சீட் அவள் வாயைவிட்டுக் கண்ணை எடுக்காமல், தன் வேட்டைக் கதையைக் கேட்டுக்கொண்டு நின்றான்.